நீலாவதி ஆகாயத்தில் தொங்கிய மாசி மகம்

நீலாவதி சினிமா பார்க்கப் போனால் தூங்கிவிடுவாள். விளக்கை அணைத்துப் பேர் போட ஆரம்பிக்கும்போது தலை சாயும். படம் முடிந்து ஜனங்கள் நாற்காலிகளைப் படபடவென்று மடக்கிக்கொண்டு எழும்போதுதான் கண் திறக்கும். அவள் புருஷன் கொளஞ்சிநாதனோ சினிமாப் பைத்தியம். விருத்தாசலத்துக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். எந்தப் படம் வந்தாலும் முதல் வாரத்திலேயே மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். திரும்பி வரும் வழியில், “படம் எப்புடி நீலா?” என்று கேட்பான்.

“நல்லா காத்து வந்துதுங்க.”

அவள் தூங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து வைத்துவிட்டு, பகல் முழுக்க செராமிக் கம்பெனியில் நிற்பவள். கூழாகக் கரைத்த வெள்ளைக் களிமண்ணை அச்சுகளில் ஊற்றுவது, இறுகியதும் அச்சைப் பிரித்துப் பொம்மையையோ ஃப்யூஸ் போடுகிற பீங்கான் கட்டையையோ எடுப்பது, ஈரம் காயாத உருப்படிகளைப் பலகையில் அடுக்கித் தோளில் ஏந்தி வெயிலுக்குக் கொண்டுபோவது, இவை அவள் வேலை. பதினாறு வயதில் சேர்ந்தாள். நான் சொல்லப்போகிற இந்தச் சமாசாரம் நடந்தபோது முப்பத்தெட்டு. நல்ல உயரம். கம்பெனியில் பெண்கள் யாரும் அவள் தோளைத் தாண்டமாட்டார்கள். கல்யாணத்தின்போது, பெண் மாப்பிள்ளையைவிட நாலு விரல் உசரம் என்று இரண்டு வீட்டாரும் கவலைப்பட்டார்களாம். கொளஞ்சிநாதன்தான், “ஒட்டட அடிக்க ஆள் தேட வேணாம், விடுங்க” என்று சொல்லி முடித்துவைத்தானாம்.

பிறந்தது கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் இப்போது இல்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊரை எடுத்துக்கொண்டார்கள். குடும்பம் விருத்தாசலத்துக்கு வந்து, அம்மா வீராயி ஒரு சூளையில் கூலி வேலை பார்த்து, மகளையும் அதே தொழிலில் சேர்த்துவிட்டாள். அதைப் பற்றி நீலாவதி அதிகம் பேசினதில்லை. கேட்டால், “அது பெரிய பள்ளமா போச்சுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

2005 பொங்கல் முடிந்து சில நாளில், சென்னையிலிருந்து ஓர் ஆள் அவளுடைய கம்பெனிக்கு வந்தார். பெயர் குருமூர்த்தி. பல பேரிடம் உதவியாக இருந்துவிட்டு முதல்முதலாகத் தானே ஒரு படம் எடுக்கிற டைரக்டர். படத்தின் பெயர் ‘வேவுக்காரன் வீரபத்திரன்’. அதில் வரும் விண்கலத்தின் உள்பக்கத்தில் வரிசையாகப் பொருத்துவதற்கு, கரண்டுக் கம்பத்தில் இருக்குமே, அந்தப் பீங்கான் இன்சுலேட்டர்கள் வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

அந்தக் கதையை அவர் முதலாளியிடம் சொன்னபோது வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கேட்டார்கள். வாஷிங் பவுடர் விற்கிற ஒரு பெரும் பணக்காரன். தன் கம்பெனிப் பெயரை நிலாவின் மேலேயே எழுதிவிட்டால் உலகத்தில் ஒருவர் விடாமல் தினமும் படிப்பார்கள் என்று திட்டம் போட்டு, ராக்கெட்டில் பெயிண்ட்டு டப்பாக்களை ஏற்றிக்கொண்டு போகிறான். அதைத் தடுக்க அரசாங்கம் வீரபத்திரன் என்கிற ஒற்றனை அனுப்புகிறது. அவன் சலவைத் தொழிலாளி வேஷத்தில் ராக்கெட்டுக்குள் நுழைகிறான். கூடவே ஒரு பெண் ஒற்றர்.

“நெலாவுல போயி பேரு எழுதுனா அமாவாசைக்கு என்னா பண்ணுவான்?” என்று கேட்டாள் பாக்கியமேரி. நீலாவதியோடு பக்கத்து மேஜையில் வேலை செய்பவள். பதினெட்டு வருஷச் சிநேகிதி.

குருமூர்த்தி ஒரு நிமிஷம் யோசித்தார். “இதை யாரும் இதுவரைக்கும் கேக்கலைம்மா” என்றார். பிற்பாடு அந்தக் கேள்வியைப் படத்தில் வில்லனிடம் ஒருவன் கேட்பதாக வைத்துவிட்டார். கொட்டகையில் அதற்குத்தான் முதல் சிரிப்பு எழுந்தது.

இன்சுலேட்டரைப் பார்த்து முடித்து, கை கழுவக் கம்பெனியின் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

பிளாஸ்டர் அச்சுகளுக்கு ஆயுசு குறைவு. கொஞ்ச காலம் ஊற்றி எடுத்தால் விளிம்பு மழுங்கிப்போகும்; பின்னால் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள். சுற்றியிருந்த நாலைந்து கம்பெனிகளும் வருஷக்கணக்காக அங்கேதான் கொட்டின. உடைந்த அச்சு, சூளையில் வெடித்த பொம்மை, பெருக்கித் தள்ளிய வெள்ளைத் தூள் எல்லாம் சேர்ந்து மேடும் பள்ளமுமாக ஓர் ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்தது. அதில் புல் முளைக்காது. மழை பெய்து பெய்து மேலே ஒரு சாம்பல் நிறம் ஏறியிருந்தது. மேட்டில் நின்று பார்த்தால் கண் கூசும்.

குருமூர்த்தி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதன்மேல் ஏறினார். சுற்றிப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே கத்தினார்: “சார்! இது நிலா சார்!”

முதலாளி ஓடிவந்து, “இல்லீங்க, அது வேஸ்ட்டு” என்றார்.

மாசி பிறந்ததும் லாரிகளும் வேன்களும் வந்து இறங்கின. செராமிக் கம்பெனிகள் சேர்ந்திருந்த பேட்டை முழுக்கத் திருவிழா மாதிரிதான். வீரபத்திரன் வேஷக்காரர் வெள்ளி நிறச் சட்டை போட்டுக்கொண்டு அச்சு மேட்டில் துள்ளித் துள்ளி நடப்பதைப் பார்க்க, சேத்தியாத்தோப்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வில்லன் ஆட்கள் துடைப்பத்தை வைத்து நிலாவில் பெயிண்ட் அடித்தார்கள். கொளஞ்சிநாதன் பஸ் ட்ரிப் இல்லாத நேரமெல்லாம் வேலி ஓரத்திலேயே நின்றான். நீலாவதி மட்டும் ஈரப் பலகையைத் தோளில் ஏந்திக்கொண்டு அந்தக் கூட்டத்தின் ஊடே போவதும் வருவதுமாக இருந்தாள். “இந்த வெயில்ல தலயில கண்ணாடிக் குடத்த கவுத்துக்கிட்டு நிக்கறாங்களே, பாவம்” என்று பாக்கியமேரியிடம் சொன்னாளே தவிர, நின்று பார்க்கவில்லை.

படத்தின் முக்கியமான கட்டம் ஒன்று பாக்கியிருந்தது. பெண் ஒற்றர் ராக்கெட்டுக்கு வெளியே வரும்போது கயிறு அறுந்து அண்டவெளியில் தனியாக மிதந்து போகிறாள். பின்னால் முழு நிலா. அதை நிஜ நிலாவை வைத்தே எடுக்க வேண்டும் என்று குருமூர்த்தி பிடிவாதமாக இருந்தார். உயரமான கிரேன் ஒன்றை வாடகைக்குப் பேசி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் மாசி மகமும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்தன. அன்றைக்குக் கம்பெனிகளுக்கெல்லாம் லீவு, இடமும் காலியாக இருக்கும்.

மகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கயிற்றில் தொங்குவதற்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த டூப் பெண் அச்சு மேட்டில் கால் பிசகி விழுந்தாள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. வேறு ஆளை வரவழைக்கலாம். ஆனால் விண்வெளி உடை அந்தப் பெண்ணின் அளவுக்குத் தைத்தது. அவள் நல்ல உயரம். குருமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டு சூளையின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

பாக்கியமேரிதான் போய்ச் சொன்னாள். “ஒசரந்தான் வேணும்னா எங்க நீலாக்கா இருக்காங்க சார்.”

நீலாவதி பலகையை இறக்கி வைத்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நான் என்னா சார் செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாதும்மா. சும்மா தொங்கணும். அப்பப்ப கையைக் காலை ஆட்டணும். முகம் தெரியாது, கண்ணாடி மூடியிருக்கும். பெல்ட்டு, கம்பி ரோப்பு எல்லாம் பலமா இருக்கு. பயப்படாம இருந்தா போதும்.”

“எம்மாம் ஒசரம்?”

“பனை மரத்துக்கு மேலே.”

அவள் கிரேனை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். “வூட்டுல கேட்டுட்டு சொல்றன் சார்.”

வீட்டில் கேட்டபோது கொளஞ்சிநாதன் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் போட்டுவிட்டான். சினிமாவுக்காகவே உயிர் வாழ்கிற தன்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை. பேர் போடும்போதே தூங்கிவிடுகிறவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“நீ அங்க போயும் தூங்கிடாத” என்றான் கடைசியில்.

ஆனால் ராத்திரி படுத்தவனுக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே டைரக்டரிடம் போய் நின்றான். “மொதல்ல என்னை கட்டி தூக்குங்க சார். நான் பார்த்துட்டுத்தான் அவள வுடுவன்” என்றான். கிரேன் ஓட்டுகிற ஜஸ்டின், பாக்கியமேரி சாமி கும்பிடுகிற சர்ச்சுக்கே போகிற நம்மூர்ப் பையன்தான். பெல்ட்டை மாட்டி மெள்ளத் தூக்கினான். தென்னை மர உயரம்கூடப் போகவில்லை. “போதும், போதும், எறக்குடா!” என்று குரல் வந்தது. இறங்கிய கொளஞ்சிநாதன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, “வேணாம் நீலா. சொல்றத கேளு” என்றான்.

“ரோப்பு தாங்குச்சா?”

“அது தாங்குச்சு. நாந்தான் தாங்கல.”

“அப்ப நான் போறன்” என்றாள் நீலாவதி.

மகத்தன்று காலை மணிமுத்தாற்றில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். தீர்த்தவாரி முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் முங்கிக் குளித்துவிட்டு வந்தார்கள். மத்தியானம் அவள் கம்பெனிக்குப் போனாள். உடையை மாட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெள்ளைத் துணியும் பஞ்சும் ரப்பருமாக அது தலையணைக்குள் புகுந்தது போலிருந்தது. கடைசியில் தலைக்கு மேல் அந்தக் கண்ணாடிக் குடத்தைக் கவிழ்த்தார்கள். காற்று வர அதன் பின்னால் துளைகள் இருந்தன. ஆனால் மாட்டியதும் வெளிச்சத்தம் முழுக்க நின்றுபோனது. பாக்கியமேரி வாயசைத்து ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கொளஞ்சிநாதன் தூரத்தில் மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஜஸ்டின் அவளைத் தூக்கினான்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். கால் தரையை விட்டது தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஊஞ்சலில் கூட ஆட்டம் இருக்கும். இதில் அதுவும் இல்லை. கண்ணைத் திறந்தபோது அச்சு மேடு கையகலமாகக் கீழே கிடந்தது. கூட்டம் கடுகைச் சிந்தினது மாதிரி இருந்தது. கம்பி ரோப்பு அவளை மெதுவாகச் சுழற்றியது. ஊர் முழுவதும் அவளைச் சுற்றி வந்தது. பெரிய கோயில் கோபுரங்கள் வந்தன. ஆற்றோரம் திருவிழாக் கடைகள், தண்டவாளங்கள் பிரிந்து பிரிந்து போகிற ரயில் ஜங்ஷன், அப்புறம் வயல், வயலுக்குப் பின்னால் வயல். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி சுற்றி வரும்போது சூரியன் இல்லை.

கிழக்குப் பக்கம் திரும்பியபோது தூரத்தில் சுரங்கத்து மண்மேடுகள் நீளமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அந்த மேடுகளுக்குப் பின்னாலிருந்து ஏதோ சிவப்பாக எழும்பியது. தீப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அது வட்டமாகிற வரைக்கும் நிலா என்று தெரியவில்லை. அத்தனை பெரிய நிலாவை அவள் பார்த்ததேயில்லை. தரையிலிருந்து பார்த்தால் வீடும் மரமும் மறைக்கும். இங்கே மறைக்க ஒன்றுமில்லை. அவளும் அதுவும்தான்.

கீழே இருப்பவர்களுக்கு அந்தச் சமயத்தில் உயிர் போய்க்கொண்டிருந்தது. கிரேன் எஞ்சின் இருமிவிட்டு நின்றுவிட்டது. ஜஸ்டின் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். உறுமியதே தவிரப் பிடிக்கவில்லை. எஞ்சின் ஓடாமல் கிரேனின் கையை இறக்க முடியாது.

“என்னடா ஆச்சு?” என்று கொளஞ்சிநாதன் ஓடிவந்தான்.

“டீசல்ல காத்து ஏறிடுச்சு போலண்ணே. தொறந்து காத்த எடுக்கணும்.”

“எடுடா! எம்பொண்டாட்டி மேல நிக்கறா!”

நிற்கவில்லை, தொங்கினாள். கீழிருந்து எல்லாரும் கத்தினார்கள். “நீலா! கைய ஆட்டு!” அவளிடமிருந்து ஓர் அசைவும் இல்லை. கையும் காலும் தளர்ந்து, வெள்ளைப் பொம்மையாகச் சுழன்றுகொண்டிருந்தாள். மயங்கிவிட்டாள் என்று ஒருவர் சொன்னார். குடத்துக்குள் மூச்சு முட்டியிருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். பாக்கியமேரி, தான் சொல்லித்தானே அக்கா போனாள் என்று அழுதுகொண்டே, கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதாவைக் கூப்பிட்டு ஜெபமாலையை உருட்டினாள். கொளஞ்சிநாதன் தன் பேருக்குரிய கொளஞ்சியப்பரைக் கூப்பிட்டான். குருமூர்த்தி தண்ணீர் லாரியின் மேல் ஏறி நின்று, ஃபயர் சர்வீசுக்கு ஆள் அனுப்பினாயா, மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினாயா என்று தொண்டை கிழியக் கத்தினார். இறங்கி வரும்போதுதான் பார்த்தார், கேமரா இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்துய்யா! ஒரு பொம்பளை உசிரு ஊசலாடுது, நீ படம் எடுக்கறியா?”

கேமராமேன் கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: “எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது சார். ஓடி என்ன பண்ணப்போறேன்? நீங்க இதைப் பாருங்க ஒரு தடவை.”

குருமூர்த்தி குனிந்து பார்த்தார். மறுபடி நிறுத்தச் சொல்லவில்லை.

ஜஸ்டின் கை முழுக்க டீசலோடு குழாயைத் திறந்து, பம்ப்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தான். அரை மணிக்கு மேலே ஆகியிருக்கும். நிலா சிவப்பு மாறி மஞ்சளாகி நன்றாக மேலேறிவிட்டது. எஞ்சின் ஒரு புகையைக் கக்கிவிட்டுப் பிடித்தது. கூட்டம் மொத்தமும் ஆர்ப்பரித்தது.

இறக்கினார்கள். கொளஞ்சிநாதன்தான் முதலில் ஓடி அவளைத் தாங்கினான். இரண்டு பேர் கண்ணாடிக் குடத்தைக் கழற்றினார்கள். உள்ளே முகம் வேர்வையிலும் கண்ணீரிலும் நனைந்திருந்தது. கண் நன்றாகத் திறந்திருந்தது. நீலாவதி எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

“எதுக்குங்க அதுக்குள்ள எறக்கிட்டீங்க?” என்றாள்.

கிரேன் நின்றுபோன சங்கதியே அவளுக்குத் தெரியாது. கையை ஆட்ட வேண்டும் என்பது மறந்துபோச்சாம். குருமூர்த்தி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அச்சு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தனியாக நின்றார்.

வீட்டுக்குப் போகும்போது கொளஞ்சிநாதன் வண்டியில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தான். ஆற்றுப் பாலத்துப் பக்கம் வந்தபோது அவளாகவே பேசினாள்.

“எங்க ஊரு இருந்த பக்கத்துலேருந்துதாங்க நெலா மொளச்சுது.”

“ம்.”

“அந்த மண்ணெல்லாம் ஆழமா தோண்டி அள்ளிட்டாங்கல்ல. எங்கம்மா எனக்கு தூளி கட்டுன எடம் இன்னிக்கு எங்க இருக்குது? தரையே இல்ல. வெறும் காத்துதான் இருக்குது அங்க. அங்க போயி நிக்கணும்னா இந்த மாதிரி கயித்த கட்டித்தான் தொங்கணும். மேல இருந்தப்ப அதத்தான் நெனச்சிட்டிருந்தன். பயமே வரலீங்க. ஏதோ நம்ம வூட்டுக்கு வந்துட்ட மாதிரி இருந்துது.”

கொளஞ்சிநாதன் நடப்பதை நிறுத்தினான். பாலத்தின் கைப்பிடியில் வண்டியைச் சாய்த்து வைத்தான். இரண்டு பேரும் அங்கே நின்று கொஞ்ச நேரம் நிலாவைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அப்படி அவர்கள் நின்றதில்லை என்று அவன் பிற்பாடு என்னிடம் சொன்னான்.

படம் ஆவணி மாதம் வெளிவந்தது. விருத்தாசலத்தில் முதல் நாள் செராமிக் பேட்டையே கொட்டகையில் இருந்தது. கொளஞ்சிநாதன் மனைவிக்கு இடது பக்கம் உட்கார்ந்து, தூங்கினால் இடிப்பதற்காக முழங்கையைத் தயாராக வைத்திருந்தான். தேவைப்படவில்லை. வீரபத்திரன் வெள்ளாவிப் பானைக்குள் ஒளிந்துகொண்டு ராக்கெட்டில் ஏறியதற்கும், நிலாவில் பெயிண்ட் காயாமல் வில்லன் ஊதி ஊதிப் பார்த்ததற்கும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம்மூர் அச்சு மேடு வந்தபோதெல்லாம் விசில். இன்சுலேட்டர்கள் வந்தபோது, “நான் ஊத்துனது, நான் ஊத்துனது” என்று பின்வரிசையில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் கயிறு அறுந்தது.

திரை முழுக்கக் கருநீல வானம். ஒரு மூலையில் சின்னதாக ஒரு வெள்ளை உருவம். அது மெதுவாகச் சுழன்றது. கீழேயிருந்து நிலா சிவப்பாக ஏறியது. ஏறி, ஏறி, அந்த உருவத்துக்குப் பின்னால் வந்து, அதைத் தனக்குள் வைத்துக்கொண்டது. கண்ணாடிக் குடத்தின் ஓரத்தில் வெளிச்சம் ஒரு கோடாக ஓடியது. பாட்டுகூடப் போடவில்லை. சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை அடங்கிவிட்டது. முறுக்கு விற்கிறவன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஒரு குழந்தை மட்டும், “அம்மா, அது யாரு?” என்று கேட்டது.

கொளஞ்சிநாதன் திரையைப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தான். மனைவியைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தான். ஆயிரம் படம் பார்த்தவன். தன் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருக்கிற பெண்ணா அங்கே நிலாவுக்கு நடுவில் இருப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை. இடிக்க வைத்திருந்த கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது திரையில் கதாநாயகியின் குரல், “காப்பாத்துங்க! யாராவது காப்பாத்துங்க!” என்று கதறியது.

நீலாவதிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் அப்புடி கத்தவே இல்லீங்க” என்றாள் உரக்க. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

படம் ஊரில் ஒரு வாரம் ஓடியது, சிதம்பரத்தில் இரண்டு வாரம். மற்ற இடங்களில் எப்படி என்று தெரியவில்லை. பெரிதாகச் சொல்லும்படி இல்லை என்றுதான் கேள்வி. ஆனால் அந்த நிலாக் காட்சியைப் பார்த்துவிட்டு, அதே டூப்பை எங்கள் படத்துக்கும் அனுப்புங்கள் என்று சென்னையில் வேறொரு கம்பெனி குருமூர்த்தியைக் கேட்டதாம். மறு வருஷம் சித்திரையில் அவரே வந்து அழைத்தார். கொளஞ்சிநாதன் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனான். வழியெல்லாம், இனி நம் பிழைப்பே மாறிப்போகும் என்று பேசிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டார்கள்.

“ஏங்க்கா? ஒத்து வரலியா?” என்று பாக்கியமேரி கேட்டாள்.

“எல்லாரும் நல்லாத்தான் வெச்சிருந்தாங்க பாக்கியம். பெரிய கொட்டாய்க்குள்ள தூக்குனாங்க. நாலு பக்கமும் நீலத் துணி கட்டியிருக்குது. வானம் எங்கங்க, நெலா எங்கங்கன்னு கேட்டன். அதெல்லாம் அப்புறமா கம்ப்யூட்டர்ல சேத்துக்குவோம்மான்னாங்க. துணிய பாத்துக்கிட்டு எவ்ளோ நேரம் தொங்கறது? தூக்கம் வந்துடுச்சு.”

உண்மையாகவே தூங்கிவிட்டாளாம். கயிற்றில் தொங்கியபடியே. கொளஞ்சிநாதன் அதைச் சொல்லும்போது வெட்கமும் பெருமையும் கலந்து சொன்னான்.

அதற்கப்புறம் அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பழையபடி கூழ் ஊற்றினாள், பலகை சுமந்தாள். பேட்டையில் மட்டும் அவளுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. கேலியாக ஆரம்பித்ததுதான். “நெலாவுக்குப் போயிட்டு வந்த அக்கா” என்று கூப்பிட்டவர்கள் போகப் போகக் கேலியை மறந்துவிட்டார்கள். பௌர்ணமி வந்தால், அவளும் கொளஞ்சிநாதனும் சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். நாளடைவில் அந்தத் தெருவில் இன்னும் மூன்று நாலு வீட்டார் அப்படி மாடி ஏற ஆரம்பித்தார்கள்.

2008-இல், ஐப்பசி மாதத்து மழைக் காலையில், நம் நாட்டு ராக்கெட் நிஜமாகவே நிலாவுக்குப் புறப்பட்டது. பேட்டை முனை டீக்கடையில் டி.வி. ஓடியது. முதல் ஷிப்டுக்கு வந்தவர்கள் குடையை மடக்காமலே கூடி நின்றார்கள். நானும் நின்றேன். நீலாவதி வந்ததும், யாரும் சொல்லாமலே முன்னால் இடம் விட்டார்கள். கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். எண்ணிக்கை குறைந்து குறைந்து வந்தது. நெருப்பு பீறிட்டது. அது மேகத்துக்குள் நுழைந்து மறையும்வரை ஒருத்தரும் டீயை வாயில் வைக்கவில்லை.

“அக்கா, அங்க எப்புடி இருக்கும்?” என்று ஜஸ்டின் கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை.

நீலாவதி யோசித்தாள். “சத்தமே இருக்காது. நம்ம மூச்சு மட்டும்தான் கேக்கும்” என்றாள். பிறகு டி.வி.யைக் காட்டிக் கேட்டாள்: “அதுல யாரு போறாங்க?”

“ஆளு யாரும் இல்லக்கா. மிஷின் மட்டும்தான் போவுது.”

“ஆளே இல்லியா?” அவளுக்கு அது பெரிய ஏமாற்றமாகிவிட்டது. “அம்மாம் தூரம் போயி, அப்புறம் யாரு பாக்கறது?”

“போட்டோ புடிச்சி அனுப்புமாம்.”

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. எல்லாரும் அவசரமாகக் கிளம்பினார்கள். நீலாவதி மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, டி.வி.யில் புகைக்கோடு கலைந்துபோன அந்த வெற்று மேகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.